மீட்டர் காட்டுவதற்கு மேல் ஐந்து

மனிதர்களில் மனக்கணக்கர் என்றோர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். ஒரு பொருள் தப்பாகக் காட்டுகிறது என்று தெரிந்தால் நீங்களும் நானும் அதைச் சரிசெய்வோம், சோம்பலாக இருந்தால் திட்டிவிட்டு விட்டுவிடுவோம். மனக்கணக்கர் இரண்டும் செய்யமாட்டார். எவ்வளவு தப்பு என்று கண்டுபிடித்து வைத்துக்கொள்வார். அதற்குப் பிறகு அந்தப் பொருள்மேல் அவருக்கு வருகிற பாசம் இருக்கிறதே, பெற்ற பிள்ளைமேல்கூட வராது.

இந்த இனத்தின் அசல் மாதிரி எங்கள் எதிர்வீட்டில் குடியிருக்கிறார். தெருமுனை வீட்டுக்காரர் காருக்குக் கொழுத்த சக்கரம் மாட்டியதைப் பார்த்துத் தூக்கம் கெட்டு, தன் சின்னக் காருக்கும் ரிம்மோடு சேர்த்துப் பெரிய டயராகப் போட்டுக்கொண்டு வந்தார். கார் நன்றாகத்தான் இருந்தது, அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்ட குழந்தை மாதிரி. குப்பைக் கூடையும் கையுமாக வாசலில் நின்ற என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சக்கரம் பெருசாயிடுச்சா? ஒரு சுத்துக்கு வண்டி முன்னைவிட அதிக தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது. பழைய சக்கரம்னே நெனச்சுக்கிட்டு வேகத்தைக் கம்மியா காட்டும்."

"அப்ப மீட்டரைச் சரிபண்ணிடலாமே?"

என்னைப் பாவமாகப் பார்த்தார். "எதுக்குங்க? அறுபது காட்டினா அறுபத்தஞ்சுன்னு எடுத்துக்கிட்டா போச்சு."

இந்த ஐந்தைக் கண்டுபிடிக்க, மச்சானைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையில் போனைக் கொடுத்து வேகம் பார்க்கச் சொல்லி, புறவழிச்சாலையில் மேலும் கீழுமாக அலைந்திருக்கிறார். அன்றிலிருந்து ஆபீசில் சொன்னார், முடிவெட்டும் கடையில் சொன்னார், பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி ஜாடையில் சொன்னார், பெட்ரோல் அதிகம் குடிக்கிறதே என்று வாய்தவறிக் கேட்டவரை நிறுத்திவைத்து, அது அதிகம் குடிக்கவில்லை, ஓடின தூரத்தையும் மீட்டர் குறைத்துத்தான் எழுதுகிறது என்று வெயிலில் விளக்கினார். தெருவில் தெரியாதவர் இல்லை.

ஒருவரைத் தவிர.

அவருடைய மனைவி வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ். வேலை நாளில் கார் அந்த அம்மாவிடம்தான். அறுபது என்று பலகை இருந்தால் முள் அறுபதைத் தொடும், தாண்டாது. அப்படிப்பட்டவர் போன மாதம் வேகமாகப் போனதாக மாட்டிக்கொண்டார். இன்னொரு தடவை மாட்டினால் லைசென்ஸை முடக்கிவிடுவார்கள். லைசென்ஸ் இல்லாத நர்ஸை அந்த வேலையில் வைத்துக்கொள்ளமாட்டார்கள்.

"மீட்டரைப் பாத்துக்கிட்டேதாங்க வந்தேன். அறுபதைத் தாண்டவே இல்ல" என்று அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார்.

மனக்கணக்கர் ஆறுதல் சொன்னார். "வயசாகுதில்லம்மா. எதுக்கும் கண்ணை ஒருதரம் டெஸ்ட் பண்ணிக்கோ."

அந்த அம்மா டெஸ்ட் பண்ணிக்கொண்டார். கண்ணாடியும் போட்டுக்கொண்டார்.

இதெல்லாம் ஒரு மனுஷனுக்கு உறைக்காதா என்கிறீர்களா? எப்படி உறைக்கும்? மனக்கணக்கு என்பது சொல்லி ரசிப்பதற்கு. வீட்டில் புழங்குவதற்கா?

போன வாரம் அவர்கள் காரில் தொற்றிக்கொண்டு போனேன். அந்த அம்மா ஓட்ட, இவர் பக்கத்தில், நான் பின்சீட்டில். போலீஸ்காரர் கை காட்டி ஓரங்கட்டினார். கையில் வேகம் பார்க்கும் கருவி.

"மேடம், அறுபத்தஞ்சு."

"சார், அறுபதுதான் சார். இப்பதான் பாத்தேன், புதுக் கண்ணாடி வேற போட்டிருக்கேன். என் வேலையே போயிடும் சார். ஏங்க, நீங்களே சொல்லுங்க."

மனக்கணக்கர் ஜன்னல் பக்கம் எட்டி அந்தக் கருவியைப் பார்த்தார். முகத்தில் ஆயிரம் விளக்கு எரிந்தது.

"கரெக்ட் சார்! அறுபத்தஞ்சேதான்! மீட்டர்ல அறுபதுன்னா உண்மையில அறுபத்தஞ்சு. என் கணக்கு இம்மி பிசகல பாருங்க!" என்றவர் என் பக்கம் திரும்பி, "நான் சொன்னேனில்ல?" என்றார்.

பெண்டாட்டியைக் காப்பாற்றப் பொய் சொல்லும் புருஷன்களையே பார்த்துப் பழகிய போலீஸ்காரர் எழுதக்கூடத் தோன்றாமல் நின்றார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். டப்பாவில் வைத்து மூடினார்.

"அப்ப என் கண்ணுல ஒண்ணும் இல்ல."

"உங்கிட்ட சொல்லலையா நான்?" என்றார் மனக்கணக்கர். சத்தியமாகத்தான் கேட்டார்.

லைசென்ஸ் மூன்று மாதத்துக்கு முடங்கியது. வேலை போகாமலிருக்க ஒரே வழி, ஓட்டுவதற்கு ஓர் ஆள். இப்போது மனக்கணக்கர் ஆபீசுக்குச் சம்பளமில்லா லீவு போட்டு, ஒவ்வொரு நோயாளி வீட்டு வாசலிலும் வண்டிக்குள் வெந்துகொண்டிருக்கிறார். போகிற வழியில் கணக்குச் சொல்ல வாயெடுத்தால், பக்கத்து சீட்டிலிருந்து கண்ணாடி போடாத அந்த அம்மா முந்திக்கொள்கிறார். "அம்பத்தஞ்சு வந்தாச்சு. போதும்."

பழைய டயரையே மாட்டிவிட்டாரா என்று கேட்பீர்கள். ஊஹூம். கணக்குதான் சரியென்று போலீஸே ஒப்புக்கொண்டாயிற்றே!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைக் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். பத்து நிமிஷம் முந்தி ஓடுகிறதா? தெரியும், கழித்துக்கொள்வேன் என்கிறீர்களா? வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்கிறீர்களா?

எதற்கும் ஒருதரம் கேட்டுவிடுங்கள். தினமும் அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் வேலைக்கு ஓடுகிறாரே, அவரிடம்.