அலை ஐயாவின் பச்சைக் கல்

லிஃப்ட் ஓடாத நாட்களில்கூட அந்தக் கட்டடத்தின் ஐந்தாவது மாடிக்குக் கூட்டம் மூச்சிரைக்க ஏறியது. ஒருவர் கையில் ரூட்டர். இன்னொருவர் கையில் மோடம். ஓர் அம்மாள் பிரிண்டரையே இடுப்பில் தூக்கி வந்திருந்தார். காய்ச்சல் கண்ட பிள்ளையை டாக்டரிடம் கொண்டுவந்த முகம் எல்லோருக்கும். டாக்டர் யார் என்கிறீர்களா? அலை ஐயாதான்.

ஐயா எதையும் திறந்து பார்க்க மாட்டார். அதெல்லாம் விஷயம் தெரிந்தவன் செய்கிற வேலை. உள்ளங்கையை ரூட்டரின் மேல் வைப்பார், கண்ணை மூடுவார், எதிர் அலை இருக்கிறது என்பார். இருக்காதா பின்னே? இல்லை என்று அவர் இதுவரை யாருக்குமே சொன்னதில்லை. பிறகு தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் டப்பா தருவார். உள்ளே ஒரு கல், வெளியே ஒரு பச்சை விளக்கு. விளக்கு எரிகிற வரை இணைப்பு அறாதாம். என்ன விலை என்று கேட்டுவிடக் கூடாது. அது விலை அல்ல, அலைக் கட்டணம். வித்தியாசம் சட்டைப்பைக்கு மட்டும் தெரியவில்லை.

ஐயாவின் புகழுக்கு அச்சாரம் போட்டது அந்த மாடியிலிருந்த வரைபட நிறுவனம். கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிற இடம். வரைந்தது தொலைந்துவிட்டால் நகல் வேண்டுமே, அதற்கு ஒரு பேக்கப் சர்வர். ஒரே மெஷினுக்குள் தடுப்பு வைத்துப் பிரித்த அறைகள் போலப் பல கன்டெய்னர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பேக்கப் வேலை ஓடும். கொஞ்ச நாளாக அதற்கு ஒரு சீக்கு. சின்ன வரைபடம் ஒழுங்காகப் போய்ச் சேரும். பெரியது போனால் பாதி வழியில் இணைப்பு அறுந்துவிடும். உடனே எல்லோர் கணினியிலும் எச்சரிக்கை மணி அலறும்.

இதைப் பார்க்க வேண்டியவள் கேபிளக்கா. அலுவலகத்தின் நெட்வொர்க் வேலை முழுக்க அவள் தலையில்தான். வாய் கொஞ்சம் நீளம், வேலையும் சுத்தம். நெட்வொர்க் வாசலில் காவல் நிற்கிற ஃபயர்வால் மீது சந்தேகமாக இருக்கிறது, இரண்டு நாள் விட்டால் அதன் பதிவுகளைப் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். இரண்டு நாளா? கையை வைத்தால் இரண்டு நிமிஷத்தில் சொல்கிற ஆள் இருக்கும்போது யார் பொறுப்பார்கள்?

ஐயாவை அழைத்து வந்தவர் மேனேஜர். அவர் கேபிளக்காவின் அக்கா புருஷன், வீட்டில் அத்தான், அலுவலகத்தில் சார். ஐயா சர்வரின் மேல் கையை வைத்தார். இந்தக் கல்லுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேபிளக்கா கேட்டாள். ஐயா மெதுவாகக் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார். நோய் தெரிந்துவிட்டது! எதிர் அலை இந்தப் பெண்ணின் உடம்பிலிருந்துதான் கிளம்புகிறது என்று சொல்லிவிட்டார். கேள்வி கேட்கிற உடம்பிலிருந்து அது அதிகமாகக் கிளம்புமாம்.

அன்றோடு சர்வர் அறைக்குள் அவள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. ஐயா மேனேஜரிடம் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு, அறையைச் சாத்திக்கொண்டு, ஒரு காலைப் பொழுது முழுக்க அலையோடு பேசினார். அலைக்கு எதற்குப் பாஸ்வேர்டு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கதவு திறந்தபோது சர்வர் நிற்கிற ரேக்கின் மேல் பச்சைக் கல் மின்னியது. மணி அலறவில்லை. மறுநாளும் அலறவில்லை. எந்தக் கன்டெய்னரைப் பார்த்தாலும் ‘இயங்குகிறது’ என்று திரை சொன்னது. முதலாளி உருகிப் போனார். ஐயாவுக்குப் பொன்னாடை, கேபிளக்காவுக்கு வெளியே போகும் கடிதம், இரண்டும் வெள்ளிக்கிழமை மதியம் என்று முடிவானது.

கேபிளக்காவுக்கு வயிறு எரிந்தது. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அது போதாதென்று, எதிர் அலைக்காரி என்ற பட்டம் ஆறு மாடிக்கும் பரவிவிட்டது. இனி எந்த அலுவலகம் அவளைக் கதவுக்குள் விடும்? அக்கா போன் போட்டு அழுதாள். அந்த ஐயா முன்னால் நீ சும்மா நின்றிருக்கக் கூடாதா, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்று இவளையே திட்டினாள். புருஷனைத் திட்ட மனசு வராதே.

வெள்ளிக்கிழமை காலை கேபிளக்கா மேசையைக் காலி செய்துவிட்டு சர்வர் அறையின் கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போனாள். உள்ளே போகத்தானே தடை? பார்க்கத் தடையில்லை. நகல்களை எழுதி வைக்கிற டிஸ்க் வேலை செய்தால் அதன் விளக்கு துடித்துக்கொண்டே இருக்கும். இது அசையவே இல்லை. பேக்கப் ஓடுகிற நேரம், எல்லாக் கன்டெய்னரும் ‘இயங்குகிற’ நேரம், டிஸ்க் மட்டும் தூங்குகிறது. அவள் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது.

மதியம் கூடம் நிரம்பி வழிந்தது. மற்ற மாடிக்காரர்கள் ரூட்டரும் கையுமாக வராந்தா வரை நின்றார்கள். முதலாளி ஐயாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கடிதத்தை நீட்டிய அத்தான் கேபிளக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"வாங்கிக்கிறேன் சார்," என்றாள் அவள். "அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. நேத்து எடுத்த பேக்கப்புல இருந்து ஒரு வரைபடத்தைத் திருப்பி எடுத்துக் காட்டச் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சரி."

முதலாளி பெருந்தன்மையாகச் சிரித்தார், அதற்கென்ன என்றார். மேனேஜர் கணினி முன்னால் உட்கார்ந்து நேற்றைய நகலைத் திறந்தார். ஒன்றுமில்லை. முந்தாநாள்? சின்னச் சின்ன வரைபடம் நாலைந்து, பெரியது ஒன்றுகூட இல்லை. அதற்கு முந்தைய நாளும் அதே லட்சணம். கல் வந்த நாள் வரை அப்படியேதான்.

ஐயா அசரவில்லை. தொழில் தெரிந்தவர் ஆயிற்றே! நம்பிக்கை இல்லாதவர்கள் எதிரில் அலை ஒளிந்துகொள்ளும், கோப்பும் அதோடு ஒளிந்துகொள்ளும் என்று விளக்கினார். கூட்டத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். அவர்கள் ஆட்டாத தலையா?

"நியாயம்தான்," என்றாள் கேபிளக்கா. "நாங்க எல்லாரும் வெளியே போயிடறோம். ஐயா மட்டும் உள்ளே இருக்கட்டும். ஒரே ஒரு பெரிய வரைபடத்தை எடுத்துட்டு வரட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருக்கோம்."

இதற்கு எப்படி மறுப்புச் சொல்வது? ஐயாவை சர்வர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். கூட்டம் காத்திருந்தது. உள்ளே சத்தமே இல்லை. பொறுமை போய் முதலாளி கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். ஐயா ரேக்கிலிருந்த கல்லைப் பிடுங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். ரேக்கிலிருந்து பிடுங்கிய பிறகும் கல்லின் பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்தது. உள்ளே பேட்டரி.

கேபிளக்கா இப்போது உள்ளே போனாள், யாரும் தடுக்கவில்லை. குட்டு முழுக்க அந்தத் திரையிலேயே இருந்தது. ஐயா எச்சரிக்கை மணியை நிறுத்தியிருந்தார். எந்தக் கன்டெய்னர் விழுந்தாலும் அதுவே எழுந்து நிற்கும்படி செய்திருந்தார். எனவே விழுவதும் எழுவதுமே வேலை, திரையில் மட்டும் ‘இயங்குகிறது’. நோயாளிக்கு வைத்தியம் பார்க்கவில்லை, வாயைப் பொத்தியிருக்கிறார்.

சீக்கு அவள் சந்தேகப்பட்ட இடத்தில்தான் இருந்தது. பெரிய வரைபடம் வந்தால் சர்வர் அதைச் சரிபார்க்கக் கொஞ்சநேரம் பேசாமல் இருக்கும். லைனில் பேச்சில்லை, ஆள் போய்விட்டான் என்று ஃபயர்வால் இணைப்பை வெட்டிவிடும். நிமிஷத்துக்கு ஒருமுறை ‘இருக்கியா?’ என்று கேட்டுக்கொள்ளும்படி இரண்டு பக்கமும் அவள் அமைத்தாள். அன்று மாலை மிகப்பெரிய வரைபடம் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. அவள் நம்பச் சொல்லவில்லை, திருப்பி எடுத்துத் திறந்து காட்டினாள். முதலாளி கடிதத்தைக் கிழித்தார். அத்தான், அக்காவிடம் மட்டும் சொல்லாதேம்மா என்று கெஞ்சினார். அக்காவிடம்தான் முதலில் சொல்லப்போகிறேன் என்றாள் அவள்.

செக்யூரிட்டி இரண்டு பேர் ஐயாவைக் கையைப் பிடித்து வராந்தா வழியே கூட்டிக்கொண்டு போனார்கள். வரிசையின் முன்னால் ரூட்டரோடு நின்றிருந்தவர் குறுக்கே வந்து மறித்தார்.

"காலையில இருந்து நிக்கறேங்க. கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி என்னோடதுக்கு மட்டும் கையை வச்சுட்டுப் போகச் சொல்லுங்களேன்."

கேபிளக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மெஷினுக்கே நிமிஷத்துக்கு ஒருதரம் இருக்கியான்னு கேட்க ஏற்பாடு பண்ணிட்டேன் அண்ணே. உங்க மூளையை நீங்க கடைசியா எப்போ கேட்டீங்க?"