இத்தா இருந்த நடிகை

அந்த நடிகையின் வாழ்க்கை வரலாற்றை எங்கள் குறுக்குத் தெருப் பெண்கள் அறிந்த அளவுக்கு அவளைப் பெற்றவர்களும் அறிந்திருக்க மாட்டார்கள். அவள் எப்போது அழுதாள், எதற்கு அழுதாள், எந்தக் கையால் கண்ணைத் துடைத்தாள் என்பதெல்லாம் என் உம்மாவுக்கு மனப்பாடம். இத்தனைக்கும் உம்மா தன் ஆயுளில் ஒரு படமும் பார்த்ததில்லை. தெருவில் மற்றப் பெண்களும் அப்படித்தான். எல்லாரையும் இந்தத் துறையில் தேர்ச்சி பெறச் செய்தவர் ஒரே ஆள், படக்காரி மாமி.

மாமிக்குத் தொழில் புடவை விற்பது. தன் ஊரான மருதமுனையின் கைத்தறிச் சேலைகளைப் பெரிய பொட்டலமாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் ஊரான சாய்ந்தமருதில் வீடு வீடாக ஏறுவார். புருஷன் மௌத்தாகிவிட்டார், பிள்ளைகளும் இல்லை. தியேட்டருக்குப் போகாதே என்று சொல்ல ஆளில்லாத ஒரே பெண் அவர்தான். சனிக்கிழமை கல்முனையில் மெட்னி ஷோ பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு விறாந்தையில் அதே படம் ஓடும்.

வந்ததும் பொட்டலத்தை அவிழ்ப்பார். விற்பதற்கு என்று நினைத்தால் பிழை. "இந்த நிறம்தான் உடுத்திருந்தா. கரை மட்டும் இன்னும் கொஞ்சம் அகலம்" என்று நடிகையின் உடுப்பைக் காட்டுவதற்குத்தான். உம்மாவின் சுளகு காரின் ஸ்டியரிங்காகும். உலக்கை துப்பாக்கியாகும். பாட்டு வந்தால் மாமி கையை வீசிவிடுவார். "இதில ரெண்டு பேரும் மலையில ஓடுவாங்க. உங்களுக்கு அது என்னத்துக்கு?" இப்படிப் பாட்டையெல்லாம் கழித்துவிட்டும் மூன்று மணிநேரப் படம் மாமியின் வாயில் நாலு மணிநேரம் ஓடியது.

மாவடிப்பள்ளி வயலிலிருந்து பசியோடு வரும் வாப்பாவுக்கு ஞாயிறுகளில் கருகிய சோறுதான்.

"இண்டைக்கு ஆரு மௌத்து?" என்று கேட்பார்.

"ஒருத்தருமில்ல. வில்லன் மட்டும்தான்" என்பார் உம்மா.

ஆனால் மாமியின் உண்மையான சாதனை வேறு. அந்த நடிகையின் படங்கள் எல்லாவற்றையும் அவர் ஒரே வாழ்க்கையாகச் சொன்னார். முதல் படத்தில் பூ விற்றவள்தான் இரண்டாவதில் கல்லூரிக்குப் போனாள். அதற்கடுத்த படத்தில் டொக்டரானாள். கதாநாயகர்கள் மாறிக்கொண்டே இருந்தது கொஞ்சம் இடைஞ்சல்தான். பிடிக்காதவர்களை மாமி கப்பலேற்றி அனுப்பினார், அவர்கள் திரும்பவில்லை.

இந்த ஏற்பாட்டில் நான்தான் முதலில் கை வைத்தேன். எங்கள் குடும்பத்தில் உயர்தர வகுப்பைக் கண்ட முதல் ஆள் நான். பிழை கண்டால் திருத்துவது படித்தவன் கடமை என்று உறுதியாக நம்பிய காலம் அது. டொக்டர் படத்தை மாமி சொன்ன அன்று நான் கதவடியில் நின்றேன். ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்து, அதே நோய் தனக்கும் தொற்றி, கட்டிலில் விழுந்த நடிகை விடியும்போது கண் திறந்தாள் என்று மாமி முடித்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"இல்ல மாமி, கடைசியில அவ மௌத்தாகிறா."

உம்மா மெதுவாகத் திரும்பினார். "உனக்கு எப்பிடித் தெரியும்?"

முந்திய சனிக்கிழமை நான் பௌதிகவியல் டியூசனுக்குப் போயிருந்ததாக வீட்டில் பதிவு.

மாமிதான் காப்பாற்றினார். "பேப்பர்ல வாசிச்சிருப்பான் புள்ள. பேப்பர்ல வாறதெல்லாம் உண்மையா?"

புறப்படும்போது வாசல் படலையடியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "தியேட்டர்ல ரெண்டாம் கிளாஸ், மூணாவது வாங்குல இருந்தாய். நான் கண்டன்."

"அப்ப அவ செத்ததையும் கண்டீங்கதானே மாமி?"

"கண்டன். அதுக்காக அந்தப் புள்ளய மௌத்தாக்கிற்று உங்கட உம்மாட முகத்துல எப்பிடி முழிக்கிற? அடுத்த மாசம் அவ லோயரா வாறா. போஸ்டர் ஒட்டிட்டானுகள்."

சொன்னபடி அடுத்த மாதம் லோயரானாள். டொக்டர் எப்படி லோயரானாள் என்று கேட்டதற்கு, "சீவன் போறதப் பாத்துப் பாத்து மனம் விட்டுப் போச்சி. மறுகா சட்டம் படிச்சா" என்று பதில் வந்தது. அந்தப் படத்தின் முடிவில் அவள் விதவையானாள். தெருவே அழுதது.

வினை அங்கேதான். இரண்டு மாதத்தில் புதுப் படம் வந்துவிட்டது. அதில் அவள் பச்சைச் சேலையில் துள்ளிக் குதித்துக் கலியாணமும் முடிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கூடினார்கள். மாமி பொட்டலத்தை அவிழ்க்கவில்லை.

"என்னகா விளையாட்டு? அவ புருஷன் மௌத்தாகி இத்தாவில இரிக்கா. நாலு மாசமும் பத்து நாளும் போகட்டும்."

"அவ நம்மட ஆளில்லயே. அவவுக்கு என்ன இத்தா?" என்று ஒருத்தி கேட்டாள்.

உம்மா தீர்ப்புச் சொன்னார்: "அவவுக்கு இல்லாட்டிப் போகட்டும். புருஷன் மௌத்தாகி ரெண்டு மாசத்துல அவ ஆடுறதக் கேக்க நமக்கு மனம் வருமா?"

வரவில்லை. தெரிந்த கதையைச் சொல்லாமல் மாமி பட்டபாட்டை நான் கண்டேன். பல்லுக்கு நடுவே துண்டுதுண்டாக வரும், விழுங்கிவிடுவார். உம்மா அடுப்புக்கு மேலே குசினிச் சுவரில் கரியால் நாட்களைக் கோடிட்டு வைத்தார். கடைசிக் கோடு விழுந்த மறுநாள் மாமி ஓட்டமும் நடையுமாக வந்தார். அன்று பொட்டலத்தில் ஒரு பச்சைச் சேலையும் மிஞ்சவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், குவைத்தில் வீட்டுவேலை செய்துவிட்டு நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் தெருவின் அக்கா ஒருவர் ஊர் திரும்பினார். கலர் டீவி, வீடியோ டெக், ஒரேயொரு தமிழ்ப் படக் கெசட் எல்லாம் கூடவே வந்தன. "இனி வாயால கேக்கத் தேவல்ல. சனிக்கிழம ரெண்டு மணிக்கு வாங்க, கண்ணால பாருங்க" என்று தெரு முழுக்க அழைப்பு. டெக்கின் பொத்தான்கள் இங்கிலீசில் இருந்ததால் அழுத்துவதற்கு என்னைக் கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமி வந்தார். தலையில் பொட்டலமில்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். ஆள் பாதியாகத் தெரிந்தார்.

"மனே, அந்த டொக்டர் படமாம். உண்மையா?"

"ஓம் மாமி."

"கட்டில்ல படுத்து ரெண்டு தரம் இருமுவா. ரெண்டாவது இருமலோட நிப்பாட்டிரு. டெக் பழுது எண்டு சொல்லு."

"அது பொய் மாமி."

"நாளைக்கு அவங்க நான் சொன்ன அவ்வளவும் பொய் எண்டுவாங்க. மறுகா எந்த வீட்டுப் படி ஏறுற நான்? எனக்கு வேற வீடு இரிக்கா?"

நிறுத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சனிக்கிழமை அறை நிறைந்தது. மாமி கடைசியில், வாசலோடு ஒட்டி உட்கார்ந்தார். நடிகை திரையில் வந்ததும் ஒரே முணுமுணுப்பு.

"இவவா? நம்மட ஆள் இன்னும் உயரமல்லவா?"

"குரலும் சரியில்ல."

முதல் பாட்டு வந்தது. "இவங்க என்னத்துக்கு ஓடுறாங்க? ஆரும் துரத்துறாங்களா?" என்று உம்மா உண்மையாகவே பயந்தார்.

ஆனாலும் அவள் நடிகைதான். போகப்போக அறை அடங்கியது. கட்டிலில் விழுந்தாள். ஒரு தரம் இருமினாள். இரண்டாம் தரம் இருமினாள். என் விரல் பொத்தானில்தான் இருந்தது. ஆனால் இரண்டாம் தடவை பார்த்தும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுததில் அழுத்த மறந்துபோனேன். கண்ணைத் துடைத்துவிட்டு அவசரமாக எதையோ அழுத்தினேன். அதற்குள் அவள் செத்திருந்தாள். செத்த முகம் அப்படியே திரையில் நின்றுவிட்டது.

"செத்துட்டாவே!" என்றார் குவைத் ராத்தா. "என்னகா படக்காரி, எழும்பி லோயரானா எண்டல்லவா நீ சொன்ன?"

எல்லாத் தலைகளும் திரும்பின. மாமியின் கண் எங்களைத் தாண்டித் திரைக்குப் போனது. அங்கேயே நின்றது.

"நல்லாப் பாருங்ககா" என்றார் மெல்ல. "அவட இமை துடிக்கிது."

துடிக்கத்தான் செய்தது. நிறுத்தி வைத்தால் அந்த டெக்கில் படம் நடுங்கும்.

"அது டெக்கில..." என்று தொடங்கினேன். உம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். படித்தவன் கடமையை அந்த இடத்தில் கைவிட்டேன்.

"ஓம், துடிக்கிது" என்றார் உம்மா. "செத்தவளுக்கு இமை துடிக்குமா? மனே, அத அப்பிடியே வெய்யி. நீ சொல்லுகா, மறுகா என்ன?"

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பெண்களுக்கு நடுவே நடந்து டீவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். நடுங்கிக்கொண்டிருந்த அந்த முகத்துக்கு விடியும்வரை பக்குவம் பார்த்து, கண் திறக்க வைத்து, கஞ்சி பருக்கி, சட்டப் படிப்புக்கு அனுப்பிவிட்டுத்தான் ஓய்ந்தார். கூடுதலாக அழுதது குவைத் ராத்தாதான்.

அதற்கடுத்த வருடம், அந்த நடிகைக்கு ஏதோ ஒரு புதுப் படத்துக்குச் சிறந்த நடிகை விருது என்று பத்திரிகையில் வந்தது. உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உம்மா நேரே குசினிக்குள் போனார். பெருநாளுக்குக் கிண்டிய தொதல் இனிப்பில் பெரிய துண்டாக வெட்டிப் பீங்கானில் வைத்து, நல்ல துணியால் மூடிக்கொண்டு வந்தார்.

"கொண்டுபோய்க் குடுத்திற்று வா" என்றார்.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. சைக்கிளை எடுத்து மருதமுனைப் பக்கம் திருப்பினேன்.