கூடிக்கொண்டே போன ஆயில்

மற்றவர்கள் காரில் ஆயில் குறையும். ஓஸ்வால்டின் காரில் அது கூடிக்கொண்டே போனது.

ரிச்சர்ட்ஸ் டவுனில் தன் வீட்டு காம்பவுண்டுக்குள் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஆயில் அளக்கும் கம்பியை உருவி, பழைய பனியன் துணியில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தார். மேல் கோட்டையும் தாண்டி நின்றது ஆயில். போன மாதம் கோட்டுக்குக் கீழே இருந்தது. நடுவில் அவர் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை.

கம்பியை மூக்கருகே கொண்டுபோனார். பெட்ரோல் நெடி. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். கொழகொழவென்று இருக்க வேண்டியது தண்ணீராக வழிந்தது.

"மௌரீன்! இங்க வந்து பாரு. யாரோ நம்ம வண்டியில பெட்ரோல ஊத்திட்டுப் போறாங்க!"

சமையலறை ஜன்னலில் மனைவியின் முகம் தெரிந்தது. "ஊத்தினா நல்லதுதானே. பெட்ரோல் விக்கிற விலைக்கு."

"டாங்க்ல இல்லம்மா, இன்ஜின் ஆயில்ல!"

"ஓ" என்றாள் மௌரீன். முகம் உள்ளே போய்விட்டது.

ஓஸ்வால்ட் பொம்மசந்திராவில் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை ஆயிரக்கணக்கான பம்புகளைத் தட்டிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, குறை கண்டுபிடித்தவர். இப்போது அவர் பரிசோதிக்க மிச்சமிருந்தது அந்த ஒரு கார்தான். அதன் ஸ்டியரிங்கில் அவர் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை என்பது அவருடைய பெருமை. ஒருமுறை சொந்தத் தம்பியே ஏர்போர்ட் போய்வரச் சாவி கேட்டபோது, சாவியைக் கொடுக்க மனம் வராமல், விடியற்காலையில் எழுந்து தானே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

மௌரீன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன போர்ஷனில் குடியிருக்கும் தீபிகாவுக்குச் சாயங்காலங்களில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தாள். தீபிகா சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண். "நீங்க வீட்ல இருந்தா அது வெக்கப்பட்டு வாயே தொறக்க மாட்டேங்குதுங்க" என்று மௌரீன் சொன்னதால், வகுப்பு நாட்களில் ஓஸ்வால்ட் நண்பர் டெஸ்மண்ட் வீட்டுக்கு கேரம் ஆடப் போய்விடுவார்.

காரை எத்திராஜின் மெக்கானிக் ஷாப்புக்கு எடுத்துப் போனார். எத்திராஜ் கம்பியைப் பார்த்தார், முகர்ந்தார், சிரித்தார்.

"யாரும் ஊத்தல சார். உங்க இன்ஜினே ஊத்திக்குது."

"என்னய்யா சொல்றே?"

"ஜில்லுனு இருக்கற இன்ஜின ஸ்டார்ட் பண்ணா பெட்ரோல் ஜாஸ்தி போகும் சார். எரியாதது கீழ எறங்கி ஆயிலோட கலந்துடும். தூரமா ஓட்டி இன்ஜின் நல்லா சூடானா அது ஆவியாப் போயிடும். சூடாகறதுக்குள்ள ஆஃப் பண்ணி, மறுபடி ஸ்டார்ட் பண்ணி, மறுபடி ஆஃப் பண்ணா, ஆயில் இப்படித்தான் ரசமாயிடும்."

"நான் ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு மட்டும்தானே எடுக்கறேன்?"

"அதுவும் கிட்டதானே சார் இருக்கு? நீங்க கிலோமீட்டர் கணக்குப் பாக்காதீங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ஆயில மாத்திடுங்க. வாரத்துல ஒரு நாள் பெல்லாரி ரோட்ல அரைமணி ஓட்டுங்க. ஸ்வல்பமாவது இன்ஜின் சூடாகட்டும்."

போகவேண்டிய இடம் எதுவும் இல்லாமல் பெட்ரோலை எரிப்பதா? ஓஸ்வால்டின் மனசு ஒப்பவில்லை. அவருக்கு வேறு யோசனை தோன்றியது.

"மெலிசாகுதுன்னா கெட்டி ஆயிலா ஊத்திடு."

"இந்த இன்ஜினுக்கு அது வேணாம் சார்."

"ஊத்துய்யா!"

ஊற்றினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஜனவரிக் குளிரில், கார் முனகியது, இருமியது, கடைசியில் மௌனமானது. பக்கத்து வீட்டு லாயிட் கோட்டும் டையுமாக வந்து பின்னால் நின்று தள்ளினார். இருவரும் வியர்த்து வழிய சர்ச்சுக்குள் நுழைந்தபோது பிரசங்கமே முடிந்திருந்தது.

குளிர்தான் பிரச்சினை என்று முடிவு செய்த ஓஸ்வால்ட், தினமும் காலையில் காரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டுச் சூடேற்ற ஆரம்பித்தார். நாலாம் நாள் லாயிட் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்ன மேன் இது! டெய்லி என் காபியில பொகை நாத்தம் அடிக்குது."

"இன்ஜினுக்கு நல்லது, லாயிட்."

"எனக்கு நல்லதில்ல, மேன்!"

இன்ஜினுக்கும் நல்லதில்லை. கம்பியை எடுத்தால் ஆயில் முன்னைவிட மேலே நின்றது. "நின்ன எடத்துல ஓடவிட்டா இன்னும்தான் சார் கலக்கும்" என்று தலையில் அடித்துக்கொண்டார் எத்திராஜ். உடனே ஓஸ்வால்ட் மாதாமாதம் ஆயில் மாற்றுவது என்று கிளம்பினார். இரண்டாவது தடவை வடித்த ஆயிலைப் பார்த்து எத்திராஜுக்கே சங்கடமாகிவிட்டது.

"பொன்னாட்டம் இருக்கற ஆயில வடிக்கச் சொல்றீங்களே சார். அடிக்கடி மாத்தினா இன்ஜின் ஒண்ணும் உங்களுக்கு ஆசீர்வாதம் பண்ணாது."

வெறுத்துப்போய், ஓஸ்வால்ட் காரைத் தொடுவதையே விட்டுவிட்டார். சர்ச்சுக்கும் நடந்தே போனார். இரண்டு வாரம் கழித்து, கை அரித்ததால், கம்பியை உருவிப் பார்த்தார்.

ஆயில் கூடியிருந்தது. பெட்ரோல் நெடி.

ஓடாத காரில் ஆயில் எப்படிக் கூடும்? அன்றைக்கு கேரம் ஆட்டத்தில் அவர் எதிராளியின் காயினையே உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். டெஸ்மண்ட், "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். திரும்பி வந்தவர் காரைக் கடக்கும்போது சும்மா பானெட்டில் கை வைத்தார். சட்டென்று எடுத்தார்.

சூடாக இருந்தது.

அடுத்த வகுப்பு நாளில் வழக்கம்போலக் கிளம்பி, தெருமுனையில் இருந்த பால் பூத்தின் பின்னால் நின்றுகொண்டார். காரைத் திருட்டுத்தனமாக எடுப்பது லாயிட்தான் என்று நிச்சயமாக நம்பினார். பூத்காரர் அவரைப் பார்த்துவிட்டு மழை, தண்ணீர், மெட்ரோ என்று பேச ஆரம்பித்தார். அவரிடமிருந்து பிய்த்துக்கொண்டு திரும்பியபோது வீட்டு கேட் திறந்து கிடந்தது; கார் இல்லை. வீட்டில் ஆளில்லை. லாயிட் மட்டும் தன் வராந்தாவில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

காதைத் தீட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார் ஓஸ்வால்ட். தன் இன்ஜினின் குரல் அவருக்குத் தெரியாதா? சர்ச்சுக்குப் பின்னால் இருந்த பள்ளிக்கூட மைதானத்திலிருந்து அது கேட்டது. சுவரில் ஒரு ஓட்டை வழியாகப் பார்த்தார். அந்தக் கோடியில், மாலை வெயில் கண்ணாடியில் பட்டுக் கூச, அவருடைய கார் தவளை மாதிரி ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி ஸ்டார்ட். மறுபடி ஒரு குதி. மறுபடி நின்றது. ஒவ்வொரு தடவையும் ஓஸ்வால்டின் இடது கால் தரையில் இல்லாத கிளட்ச்சை அழுத்தியது.

கடைசியில் கார் மரங்களுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நிதானமாகக் கிளம்பி கேட்டை நோக்கி வந்தது. ஓஸ்வால்ட் ஒரு கூட்ஸ் ஆட்டோவின் பின்னால் குனிந்துகொண்டார். கார், குறுகலான அந்த கேட்டில் எங்கேயும் உரசாமல் வெளியே வந்தது.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது மௌரீன். பக்கத்தில் தீபிகா, முகமெல்லாம் வியர்வையோடு.

முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் கார் தாண்டிப் போகும்போது மௌரீன் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலமாயிற்று! ஆட்டோவின் பின்னால் குனிந்தபடியே ஓஸ்வால்டின் கோபம் கரைந்துவிட்டது.

இந்த வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். துணைக்கு அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு. என்னிடம் கேட்க பயந்துகொண்டு.

ஏன் பயம்? வீடுவரை நடந்த நேரத்தில் அதற்கும் பதில் கிடைத்தது. எப்போதோ ஒருநாள் கியர் கரகரவென்று அரைத்தபோது, "கிளட்ச்ச முழுசா அழுத்துங்க" என்று மௌரீன் மெதுவாகச் சொன்னாள். "உனக்கு என்ன தெரியும்? பேசாம வெளிய பாத்துட்டு வா" என்றார் இவர். அவளும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எத்தனையோ பயணங்கள் அப்படியே வந்திருக்கிறாள்.

தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்தார்.

மறுநாளே எத்திராஜிடம் போனார். "அந்தக் கெட்டி ஆயில எடுத்துட்டு, கம்பெனி சொன்னதையே ஊத்து. இனிமே மூணு மாசத்துக்கு ஒரு தடவ மாத்திடலாம்."

"ஏன் சார் திடீர்னு மூணு மாசம்?"

ஓஸ்வால்ட் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வண்டியில ஒருத்தர் ஓட்டக் கத்துக்கறாங்க."

"அதச் சொல்லக் கூடாதா! அப்ப மூணு மாசம் கரெக்டு சார். வாரத்துக்கு ஒரு தடவ லாங் டிரைவ் மட்டும் மறக்காதீங்க."

அன்றிலிருந்து டாங்க் எப்போதும் நிரம்பியிருந்தது. அலமாரிக்குள் இருந்த சாவி வாசல் ஆணியில் தொங்கியது. மௌரீனுக்கு உயரம் போதாதே என்று டிரைவர் சீட்டுக்கு ஒரு மெத்தை வாங்கிப் போட்டார். மறுநாள் அது பின்சீட்டில் கிடந்தது. வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமைகளில் அவளை உட்காரவைத்துக்கொண்டு பெல்லாரி ரோட்டில் தேவனஹள்ளிவரை போய்வந்தார். ஆயிலும் சூடாகும், அவளுக்கும் பாடமாகும் என்று எண்ணம். வழி நெடுக யாருக்கோ சொல்வதுபோல உரக்கச் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

"இப்ப மேடு வருது. கியர எறக்கணும். எறக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணணும்?"

"என்ன பண்ணணும்?"

"கிளட்ச்ச முழுசா அழுத்தணும்."

"அப்படியா?"

"இதெல்லாம் உடனே வராது, மௌரீன். பழகப் பழகத்தான் வரும்."

மௌரீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. பயந்துவிட்டாளோ என்று ஓஸ்வால்ட் வேகத்தைக் குறைத்தார்.

ரோட்டோரத்தில் நிறுத்தித் திராட்சை வாங்கினார்கள். அவர் ஓட்ட, அவள் ஒவ்வொன்றாக அவர் வாயில் போட்டுக்கொண்டே வந்தாள். வீட்டில் உப்பு, புளி, கரண்ட் பில் தவிர வேறு எதுவும் பேசாதவர்கள், அந்த ரோட்டில் என்னென்னவோ பேசினார்கள். திரும்பும்போது எப்போதும் இன்னும் கொஞ்சம் தூரம் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. ஆயிலும் கோட்டுக்கு மேலே ஏறுவதை நிறுத்திவிட்டது.

கல்யாண நாள் வந்தது. மௌரீன் கேக் வெட்டினாள். தீபிகா தட்டோடு பக்கத்தில் நின்றாள். ஓஸ்வால்ட் வண்ணத்தாள் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து மனைவியின் கையில் கொடுத்தார்.

பிரித்தாள். சிவப்பில் பெரிதாக 'எல்' எழுதிய, காரில் ஒட்டும் இரண்டு போர்டுகள்.

"எனக்கு எல்லாம் தெரியும், மௌரீன்" என்றார். "மைதானத்துல பாத்தேன். இனிமே ஒளிஞ்சு ஒளிஞ்சு ஓட்ட வேணாம். இத முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு ஒட்டிக்கோ. நானே கத்துக் குடுக்கறேன். அன்னைக்கு உனக்கு என்ன தெரியும்னு கேட்டேன் பாரு... தப்பு. மன்னிச்சுடு."

மௌரீன் போர்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தீபிகாவால்தான் பொறுக்க முடியவில்லை.

"ஐயோ அங்கிள், கத்துக்கறது நானு! ஆன்ட்டி கல்யாணத்துக்கு முன்னாடியே, அவங்க ஊரு கேஜிஎஃப்ல, அவங்க அப்பாவோட லாரியவே ஓட்டினவங்களாம். நீங்க ஓட்ட, பக்கத்துல உக்காந்து வர்றது புடிச்சுப் போயிதான் இத்தன வருஷமா வாயத் தொறக்கலையாம்!"