நாற்பதாவது வளைவில் சூரிய உதயம்

வருகிற ஞாயிற்றுக்கிழமை நாம் சூரிய உதயம் பார்க்கப் போகிறோம் என்று வெள்ளிக்கிழமை இரவு சாப்பிடும்போது அறிவித்தேன்.

ஸ்டெல்லா தோசைக் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"நாம்னா யாருங்க?"

"நீயும் நானும்தான்."

"சூரியன் காலையில வருமுங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

"மூணு வருஷமா உங்களுக்கு ஏழே முக்காலுக்குத்தான் உதிக்குது. அதுக்கு முன்னாடியே ஒருக்கா உதிக்குதுன்னு யாரு சொன்னாங்க?"

நான் கோபப்படவில்லை. பெரிய காரியத்தில் இறங்கியிருப்பவன் சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபப்படக் கூடாது. "கொல்லிமலையில குடியிருந்துக்கிட்டு சூரிய உதயம் பார்க்காம இருக்கிறது பாவம் ஸ்டெல்லா" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். முடிந்தால் இனிமேல் தினமும் பார்ப்பதாக இருக்கிறேன் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"தினமுங்களா?"

"தினமும்."

"சரிங்க" என்று தோசையைத் திருப்பிப் போட்டாள்.

உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சூரியன் மேல் விரோதமும் இல்லை, பாசமும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போகாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

மாசி, பங்குனி வந்தால் இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு ஞாயிறு என்றால் பேளுக்குறிச்சிதான். வருஷத்துக்கு வேண்டிய மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாவற்றையும் அங்கே மூட்டையாக வாங்கி, காயவைத்து, அரைத்து, டின்னில் அடைத்தால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். நான் லால்குடிக்காரன். எங்கள் அம்மா மிளகாய்த்தூளைப் பாக்கெட்டில் வாங்கினாள். நாங்கள் எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம். ஸ்டெல்லாவுக்கு ராசிபுரம். அவள் தனக்கு மட்டும் வாங்குபவள் இல்லை. அவள் அம்மாவுக்கு, இரண்டு அக்காக்களுக்கு, அண்ணிக்கு என்று எல்லோருக்கும் சேர்த்து வாங்குவாள். யாருக்கு எத்தனை கிலோ என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்துகொண்டே இருக்கும். அந்தக் குழுவில் எனக்குப் பிறந்தநாள் வாழ்த்துகூட வந்ததில்லை.

போன வருஷம் மூட்டைகளைத் தூக்கியது நான். ஒரு வாரம் லீவு போட்டு மிளகாய்க் காம்பு கிள்ளியதும் நான். அந்தக் கையோடு ஆபீசுக்குப் போய், மறந்துபோய்க் கண்ணைக் கசக்கிவிட்டேன். அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று அன்பாகக் கேட்டார். ஆமாம் சார் என்றேன்.

இந்த வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு ஒரு வியாதி வந்தது. முதுகு, பல், காய்ச்சல், பிறகு மறுபடியும் முதுகு. வருகிற ஞாயிறுதான் சீசனின் கடைசிச் சந்தை. அதை மட்டும் தாண்டிவிட்டால் ஒரு வருஷம் நான் மனிதனாக நடமாடலாம். வியாதிகள் தீர்ந்துவிட்டதால் சூரியனைக் கூப்பிட்டேன்.

திட்டம் எளிமையானது. விடியுமுன் கிளம்ப வேண்டும். மலையில் எங்காவது உட்கார வேண்டும். ஆற அமரத் திரும்பி வந்தால் சந்தை கலைந்திருக்கும். எங்கே உட்காருவது என்பதை எங்கள் ஆபீஸ் வாட்ச்மேன் செங்கோடனிடம் சனிக்கிழமை காலையில் கேட்டேன். செங்கோடன் இதே மலையில் வளப்பூர் நாட்டுக்காரர். மலையிலேயே பிறந்து மிளகும் மரவள்ளியும் போட்டு வளர்ந்தவர்.

"பொழுது கெளம்பறது எங்க நல்லாத் தெரியும் செங்கோடன்?"

"எங்க ஊட்டு வாசல்லயே தெரியுமுங்க சார்."

"அது சரி. போய்ப் பார்க்கிற மாதிரி ஒரு இடம் சொல்லுங்க."

"இருக்கறது ஒரே பொழுதுதானுங்களே சார். அதுக்கு எதுக்கு இன்னொரு எடத்துக்குப் போகோணும்?"

"குடும்பத்தோட போறேன். உக்கார வசதியா இருக்கணும்."

அவர் கூரையைப் பார்த்தார். "அப்படீன்னா காரவள்ளி ரோட்டுல நாப்பதாவது வளைவுங்க சார். சுவரு இருக்குது. நல்லா ஒக்காந்து பாக்கலாமுங்க."

காரவள்ளி என்றதும் எனக்குக் கொஞ்சம் இடித்தது. அது மலையடிவாரம். பேளுக்குறிச்சிக்கும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் எதற்கும் ஒரு முன்னேற்பாடு வைத்துக்கொள்வது என் வழக்கம். அன்று சாயங்காலம் ஸ்டெல்லா மாதா கோயில் பூசைக்குப் போனாள். ஞாயிறு காலையில் கோயிலுக்கு நேரம் இருக்காது, அதனால் இன்றே போகிறேன் என்றாள். சூரிய உதயத்தில் இத்தனை அக்கறையா என்று எனக்கே மனம் இளகிவிட்டது. அவள் தெரு முனை திரும்பியதும் ஒரு ட்யூபை எடுத்து பைக் டேங்கில் விட்டு உறிஞ்சினேன். முதல் உறிஞ்சலில் பெட்ரோல் வாய்க்குள் வந்தது. இரண்டாவதில் கேனுக்குள் போனது. வளைவு வரை போக, வர மட்டும் டேங்கில் விட்டு வைத்தேன். அப்படியே சந்தைக்குப் போகலாம் என்று அவள் ஆரம்பித்தால், பெட்ரோல் இல்லை என்று சொல்லிவிடலாம். பொய்யும் சொன்னதாக ஆகாது.

இரவு ரசம் சோறு.

"ரசம் எப்படீங்க இருக்குது?"

"பிரமாதம்" என்றேன். என் நாக்கில் பெட்ரோலைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. இன்னும் இரண்டு கரண்டி வாங்கிக் குடித்தேன். ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை நாலரைக்கு அவள்தான் என்னை எழுப்பினாள். ஸ்வெட்டர் போட்டு, தலையில் துண்டு கட்டி, பிளாஸ்கில் காப்பியோடு தயாராக நின்றாள். தோளில் ஒரு பெரிய பை. குளிருக்குப் போர்வையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு இருக்கும் செம்மேட்டிலிருந்து கிளம்பி, வளைவு வளைவாக இறங்கி, பல் தந்தியடிக்க நாற்பதாவது வளைவுக்கு வந்து சேர்ந்தோம். செங்கோடன் சொன்ன சுவர் இருந்தது. பனியில் நனைந்திருந்தது. ஸ்டெல்லா பையிலிருந்து ஒரு சாக்கை எடுத்து விரித்தாள். பைக்குள் இன்னும் சாக்குகள் தெரிந்தன.

"எதுக்கு இத்தனை சாக்கு?"

"ரெண்டு பேரு ஒக்காரோணுமில்லீங்களா?"

நியாயமாகப் பட்டது. உட்கார்ந்தோம். காப்பி குடித்தோம். எதிரே இருட்டாக ஒரு பள்ளம். அதற்குள் அங்கங்கே விளக்குகள். ஆறு மணிக்கு வானம் சாம்பலாக ஆயிற்று. ஆறே காலுக்கு வெளுத்தது. நான் கண் கொட்டாமல் எதிரே பார்த்தேன். ஆறரைக்கு ஊர்கள் தெரிந்தன. ஒரு குளம் தெரிந்தது. பஸ் ஒன்று போவது தெரிந்தது. சூரியன் மட்டும் வரவில்லை.

"லேட்டா இருக்குல்ல?" என்றேன்.

"ஏனுங்க, எந்தப் பக்கம் பாத்துட்டு இருக்கறீங்க?"

"நேரா முன்னாடி."

"முன்னாடி சேந்தமங்கலம் இருக்குதுங்க. அது மேக்கு."

நான் பிளாஸ்கின் மூடியைத் திருகினேன்.

"பொழுது நமக்குப் பின்னாடி கெளம்பிருச்சுங்க. நடுவுல மலை இருக்குதில்ல. அதத் தாண்டி இங்க வர எட்டு மணி ஆகும்."

திரும்பிப் பார்த்தேன். மலை இருந்தது. கறுப்பாக, பெரிதாக. மூன்று வருஷமாக நான் அதன் மேல்தான் குடியிருக்கிறேன். அதன் உச்சியில் மட்டும் மஞ்சளாக ஒரு கோடு ஓடியது. மேற்கு நோக்கிய சுவரில் மனைவியோடு உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் சூரிய உதயம் பார்த்தவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நீங்க ஆசையாப் பாத்துட்டு இருந்தீங்க. எப்படிங்க சொல்றது?"

வெட்கமாக இருந்தது. ஆனால் உள்ளூர ஒரு நிம்மதி. சந்தையைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்தால் காரியம் முடிந்தது. வண்டியைத் திருப்பி மேலே விட்டேன். நாற்பத்தொன்று ஏறியது. நாற்பத்திரண்டில் இருமியது. நாற்பத்து மூன்றில் நின்றது.

ஏற்றத்தில் ஒரு வண்டி எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்பது லால்குடியில் யாருக்கும் தெரியாது. அங்கே ஏற்றம் என்றால் வாய்க்கால் பாலம்தான். இறங்கும்போது எவ்வளவு செலவாயிற்றோ ஏறும்போதும் அவ்வளவுதான் என்று நான் நினைத்துவிட்டேன். ரிசர்வில் போட்டுப் பார்த்தேன். வண்டியைச் சாய்த்துப் பார்த்தேன். டேங்கில் ஊதிப் பார்த்தேன்.

ஸ்டெல்லா இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"மேல இருபத்தேழு வளைவு இருக்குதுங்க. கீழ நாப்பத்தி மூணு. மேல தள்ளறீங்களா, கீழ உருட்டறீங்களா?"

"பெட்ரோல் எங்க கிடைக்கும்?"

"காரவள்ளி டீக்கடையில பாட்டில்ல வெச்சிருப்பாங்க. நேத்து உறிஞ்சறப்ப இன்னும் கொஞ்சம் உட்டு வெச்சிருக்கலாமுங்க."

நான் சைடு ஸ்டாண்டைப் போட்டேன், எடுத்தேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பூசையில இருந்து வந்ததும் வீடெல்லாம் வாசம். சந்தேகம் தீரட்டும்னு ரசத்துல உப்பும் போடல, புளியும் கரைக்கல. நீங்க மூணு கரண்டி குடிச்சீங்க."

உருட்டினேன்.

இன்ஜின் சத்தமே இல்லாமல் நாற்பத்து மூன்று வளைவு. பிரேக் தேய்ந்த நாற்றம் எனக்கு. பின்னால் ஸ்டெல்லா ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் ஐம்பத்து மூன்று மணிகளையும் முடித்துச் சிலுவை போட்டபோது காரவள்ளி வந்திருந்தது. டீக்கடையில் ஒரே ஒரு பாட்டில் இருந்தது, ஒரு லிட்டர்.

"இது போதும். திரும்பி மேல போயிடலாம்" என்றேன்.

"இத்தனூண்டு பெட்ரோல்ல மலை ஏறுமுங்களா? மறுபடியும் நடுவுல நின்னா நீங்கதான் தள்ளோணும்."

"அப்போ?"

"சமதரையில நல்லா ஓடுமுங்க."

பேளுக்குறிச்சியில் நுழையும்போது ஏழே முக்கால். சந்தை அப்போதுதான் களை கட்டியிருந்தது. மலை மலையாக மிளகாய். சிவப்புக்குப் பின்னால் சிவப்பு. நான் முதல் தும்மலைத் தும்மினேன். மிளகுச் சாக்கை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு ஆள் எழுந்து வந்து கும்பிட்டார். செங்கோடன்.

"வாங்க சார். எட்டு மணி ஆயிருமுன்னு அம்மா சொன்னாங்க. சுருக்கா வந்துட்டீங்க."

எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் வந்தது. சூரியனுடையது இல்லை. "ஏங்க செங்கோடன், அந்த வளைவுல சூரியன் தெரியலையே."

"தெரியாதுங்க சார்."

"நீங்கதானே சொன்னீங்க?"

"எங்க ஊட்டு வாசல்ல தெரியுமுன்னு சொன்னேனுங்க. உங்களுக்கு அது புடிக்கல. ஒக்கார எடம் கேட்டீங்க. ஒக்கார அதுதானுங்க நல்ல எடம்." பிறகு ஸ்டெல்லா பக்கம் திரும்பினார். "எங்க மச்சான் பிக்கப் வண்டி காலியாத்தான் மேல போகுதுங்கம்மா. பைக்கும் ஏத்திக்கலாம், மூட்டையும் ஏத்திக்கலாம்."

அவருடைய டிபன் பாக்ஸ் திறந்திருந்தது. களியும் ஓரத்தில் கருவாட்டுத் தொக்கும். அந்தத் தொக்கை எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வரை என் வீட்டு அலமாரியில் இருந்தது. பாட்டில் எங்கே என்று கேட்டதற்கு, தீர்ந்துபோச்சு என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தாள்.

அன்று நான் எத்தனை முறை குனிந்தேன், எத்தனை முறை நிமிர்ந்தேன் என்பதெல்லாம் உங்களுக்கு எதற்கு? பையிலிருந்த சாக்குகள் ஒன்றுகூட மீதமில்லை. ஸ்டெல்லா மிளகாயை ஒடித்துப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், குலுக்கிக் காதில் வைத்துக் கேட்பாள். கல்யாணத்துக்கு முன் என்னை இவ்வளவு பரிசோதித்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

மறுநாள் திங்கட்கிழமை. காலை ஐந்தரைக்கு யாரோ போர்வையை இழுத்தார்கள்.

"எந்திரிங்க. சூரிய உதயம் பாக்கோணுமில்ல?"

"அதான் நேத்துப் பாத்தாச்சே."

"நேத்து எங்க பாத்தீங்க? தினமும் பாக்கறேன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

வாசலில் ஒரு மணையும் அதன் முன்னால் ஒரு மூட்டையும் இருந்தன. வெயில் ஏறுவதற்குள் காம்பு கிள்ளிப் போட்டால்தான் ஏறினதும் காயவைக்க முடியும் என்றாள். ஆபீசுக்குப் போகுமுன் ஒரு மூட்டையாவது முடிந்துவிடுமாம். உட்கார்ந்தேன். எங்கள் குவார்ட்டர்ஸ் கிழக்குப் பார்த்த வாசல் என்பதை மூன்று வருஷத்தில் அன்றுதான் கவனித்தேன்.

ஆறே காலுக்கு எதிர் மலை விளிம்பில் சூரியன் வந்தது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, சிவப்பாக, அவசரமே இல்லாமல். மறைக்காமல் சொல்கிறேன், அழகாகத்தான் இருந்தது. இத்தனை நாள் இதைத் தூங்கித் தொலைத்தோமே என்று எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. நன்றாகப் பார்க்கலாம் என்று கண்ணைத் துடைத்தேன்.

மிளகாய்க் கையால் துடைத்தேன்.

உள்ளே ஸ்டெல்லா தன் அம்மாவிடம் போனில் பேசுவது கேட்டது.

"ஆமாங்கம்மா, வாசல்ல ஒக்காந்து சூரிய உதயம்தான் பாக்கறாரு. கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அவசரமில்லீங்கம்மா, மிளகாய் நாலு மூட்டை இருக்குது. வியாழக்கிழமை வரைக்கும் பாப்பாரு."