ஆட்டுக்குட்டியோடு பஸ் ஏறிய பதிப்பாசிரியர்

குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவனை வதைப்பதற்கென்றே எங்கள் சங்கரன்கோவிலில் ஒருவரைப் படைத்து அனுப்பியிருந்தார்கள். சிறுவர் புத்தகங்கள் போடும் பதிப்பாசிரியர். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. ஊருக்கே அவர் ‘செஞ்சுபாரு’ அண்ணாச்சி.

கதையை அனுப்பினால் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான் வரும்: “செஞ்சு பாத்தீரா வே?” கதையில் நடப்பதை அவர் ஒருமுறை செய்து பார்த்தால்தான் அது அச்சுக்குப் போகும்.

என் கதை ஒன்றில் கண்ணாமூச்சி ஆடும் பையன் அரிசி டிரம்முக்குள் ஒளிவான். மறுநாள் அவர் வீட்டுக்குப் போனால், டிரம்முக்குள் அண்ணாச்சி! இறங்கத் தெரிந்தவருக்கு ஏறத் தெரியவில்லை. அவர் மனைவியும் நானும் டிரம்மைச் சாய்த்து உருட்டித்தான் வெளியே எடுத்தோம்.

“உள்ள மூச்சு முட்டுது வே. வாசிக்கிற பிள்ளை நாளைக்கே எறங்கிரும். கட்டிலுக்கு அடியில ஒளிய விடும்” என்றார், மீசையெல்லாம் தவிட்டோடு.

நல்லவேளை, அந்தப் பையனுக்கு நான் சிறகு வைக்கவில்லை.

என் முதல் புத்தகத்தில் கடைசிக் கதை மட்டும் பாக்கி. அது தேறாமல் புத்தகம் வராது. நானோ புத்தகம் வரப்போகிறது என்று சொந்தபந்தத்திடமெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டிருந்தேன். கதையில், அப்பா விற்கப் பார்க்கும் ஆட்டுக்குட்டியை வள்ளி கட்டைப்பையில் ஒளித்து, சிவகிரி மாமா வீட்டுக்குப் பஸ்ஸில் கொண்டுபோவாள். பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியாது.

“ஒருத்தருக்குமா?”

“கதைதானே அண்ணாச்சி?”

“பிள்ளைய நெசமான பஸ்ஸுலல்லா ஏத்திருக்கீரு!”

மறுநாள் காலை என்னையும் வரச் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் கட்டைப்பையோடு நின்றார். பை துள்ளிக்கொண்டிருந்தது.

பஸ் ஊரைத் தாண்டியதும் பை “ம்மே” என்றது. அண்ணாச்சி உடனே இருமினார். மறுபடி “ம்மே”. மறுபடி இருமல். அடுத்த முறை இருமலுக்கு அவகாசமில்லை. அவரே “ம்மே” என்று கத்திவிட்டார். நான் அவரைத் தெரியாதவன் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கண்டக்டர் வந்தார். எங்களை இறக்கிவிடுவார், என் புத்தகமும் அந்தப் படிக்கட்டோடு இறங்கிவிடும் என்றே நினைத்தேன். அவர் பையைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார்.

“அண்ணாச்சிக்குத் தொண்டை ரொம்ப மோசமா இருக்கே” என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார்.

முன் சீட்டு அம்மாள் தன் கீரைக்கட்டிலிருந்து ஒரு பிடி அகத்தியை உருவி, திரும்பாமலே பைக்குள் திணித்தாள். “இருமலுக்கு நல்லதுலா!”

சிவகிரியில் இறங்கியதும், “எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு அண்ணாச்சி. கதையை எடுத்துருவோம்” என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“கோட்டியா வே உமக்கு? எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, ஒருத்தன் காட்டிக்கொடுக்கல. அதை எழுதும். பயந்துபோய் உக்காந்திருக்கிற பிள்ளைக்கு இதுல்லா தெரியணும்!”

எழுதினேன். புத்தகம் வந்தது. எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் பிள்ளைகள் அந்தக் கதையைத்தான் கேட்கிறார்கள்.

அண்ணாச்சி இப்போது வெளியூரில், மகள் வீட்டில் இருக்கிறார். என் புத்தகங்களை வேறு பதிப்பாசிரியர்கள் பார்க்கிறார்கள். ஒரு காற்புள்ளிகூட அவர்களிடம் தப்பாது. ஆனாலும் ஒரு கதையை முடித்ததும் எனக்கு அவர் ஞாபகம் வந்துவிடும். அந்த மனிதரோடு இன்னொரு தடவை பஸ் ஏற வேண்டும் போலிருக்கும்.