அஸ்திவாரம் கேட்கும் ஆசாமி

மனிதர்களில் நல்லது செய்கிறவர்கள் உண்டு, கெட்டது செய்கிறவர்கள் உண்டு, இரண்டுக்கும் நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. இந்த மூன்று கூட்டத்திலும் சேராமல், நல்லது ஏன் நல்லது என்று கேட்டுக்கொண்டே நடுவழியில் நிற்கும் ஒரு பிறவி இருக்கிறது. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் அஸ்திவாரக்காரர். அக்கம்பக்கத்தில் தேடிப் பாருங்கள், அகப்படுவார்.

எனக்கு வாய்த்தவர் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் மேற்பார்வையாளர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையில் பெரியவர்களுக்கு வேதபாட வகுப்பு எடுப்பார். அந்த வகுப்பில் பின்வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பவன் நான். அதனால் சொல்கிறேன், மனிதர் தங்கமானவர். குடிக்க மாட்டார், புறம் பேச மாட்டார், லஞ்சம் என்ற சொல்லைக்கூட மெதுவாகத்தான் உச்சரிப்பார். ஒரே ஒரு குறை. எதற்கெடுத்தாலும் "எதை வச்சு?" என்பார்.

பஸ் நிறுத்தத்தில் ஒருவன் வரிசையை மீறி நடுவில் நுழைகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாமெல்லாம் என்ன செய்வோம்? ஒரு சத்தம் போடுவோம். இவரோ சத்தம் போடுகிறவர் பக்கம் திரும்பி, ஒரு கண்ணை லேசாக மூடி, ஆள்காட்டி விரலை மூக்குக்கு நேரே நிறுத்தி, அவன் செய்வது தப்புதான், ஆனால் அதைத் தப்பு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று ஆரம்பிப்பார். ஊர் வழக்கத்தை வைத்தா, மனசாட்சியை வைத்தா, பலனைக் கணக்குப் பார்த்தா, கடவுளின் கட்டளையை வைத்தா என்று அவர் விரல் மடக்கி முடிப்பதற்குள் இன்னும் நாலு பேர் நுழைந்து, பஸ் நிரம்பி, கிளம்பியும் போயிருக்கும். அவருக்கு வருத்தமே கிடையாது. அடுத்த பஸ் வரும்வரை பேசலாம் அல்லவா?

வகுப்பிலும் இதே கூத்துதான். கடவுள் சொன்னதால் ஒன்று நல்லதாகிறதா, இல்லை, நல்லது என்பதால் அதைக் கடவுள் சொன்னாரா என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிப்பார். முதலாவது என்று சொன்னால், அப்படியானால் அவர் நாளைக்குத் திருடச் சொன்னால் திருட்டு நல்லதாகிவிடுமா என்று மடக்குவார். இரண்டாவது என்றால், அப்போது கடவுளுக்கும் மேலே ஒரு சட்டம் இருக்கிறதா என்று மடக்குவார். நாங்கள் திருதிருவென்று விழிப்போம். விழித்து முடித்த பிறகு அவரே, நன்மை என்பது கடவுளுடைய குணம், கட்டளை அந்தக் குணத்திலிருந்துதான் பிறக்கிறது என்று விளக்கி எங்களைக் கரையேற்றுவார். உள்ளபடியே அருமையாகத்தான் இருக்கும். வீட்டுக்குப் போய் அதையே மனைவியிடம் சொல்லிக்காட்டப் போய் நான் பலமுறை அசடு வழிந்திருக்கிறேன்.

அவருக்கு ரொம்பப் பிடித்த வாதம் ஒன்று உண்டு. கடவுளை நம்பாதவன் நல்லது செய்யலாம், ஆனால் செய்வதற்கு அவனிடம் காரணம் இருக்காது என்பதுதான் அது. நாங்கள் எல்லோரும் நம்புகிறவர்கள், ஆகவே அதை யார் மேல் பிரயோகிப்பது என்று தெரியாமல் பாவம், வருஷக்கணக்காகத் தவித்துக்கொண்டிருந்தார்.

இப்படி இருக்கையில் அவருடைய அக்காவுக்கு வயிற்றில் கட்டி. ஏற்கெனவே நிறைய ரத்தம் போய், மனுஷி காகிதமாய் வெளுத்துப் படுத்திருந்தார். மறுநாள் காலை ஆபரேஷன். அக்காவுடையது எளிதில் கிடைக்காத ரத்த வகை, ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லை, ஒரு பாட்டிலாவது கைக்கு வந்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பிக்கும் அதே வகைதான். ஆனால் ஊசியைக் கண்டால் அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும் என்பது குடும்பத்துக்கே தெரியும், அதனால் யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் சும்மா இருக்கவில்லை. நாலு இடம் அலைந்து, அதே வகை ரத்தமுள்ள தன் அலுவலக ஸ்டோர் கீப்பரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். துணைக்கு நானும் போனேன்.

ஸ்டோர் கீப்பர் எந்த வழிபாட்டு இடத்துக்கும் மழைக்குக்கூட ஒதுங்காதவர். வந்தார், சட்டைக் கையை மடித்தார், ரத்த வங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே நர்ஸ் ஊசியும் பையும் எடுத்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம், வெறும் ஐந்து நிமிஷம் நம்மவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தாரா?

"தப்பா நினைக்காதீங்க. நீங்க எதுக்காக இதைச் செய்றீங்க?"

"உங்க அக்காவுக்கு வேணும்னு சொன்னீங்க. அதான்."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். ஒருவருக்கு ஒன்று வேண்டியிருக்கிறது என்பதிலிருந்து இன்னொருவர் அதைக் கொடுத்தாக வேண்டும் என்பது எப்படி வரும் என்றார். நாளைக்கு நமக்கும் யாராவது கொடுப்பார்கள் என்றால் அது வியாபாரம் என்றார். மனசு கேட்கவில்லை என்று ஸ்டோர் கீப்பர் சொன்னதற்கு, மனசு என்பது மூளையில் ஓடும் மின்சாரம்தான் என்று நேற்று கேன்டீனில் சொன்னது நீங்கள்தானே என்றார். மனிதன் கடவுளின் சாயல் என்றால் அவன் உயிருக்கு மதிப்பு உண்டு, வெறும் சதையும் எலும்பும் என்றால் எங்கிருந்து மதிப்பு என்றார். நான் முழங்கையால் இடித்தேன், காலை மிதித்தேன், இருமினேன். எதுவும் பலிக்கவில்லை. ஸ்டோர் கீப்பரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்டிக்கொண்டே வந்தது.

"நீங்க சொல்றது சரிதான் சார். யோசிச்சுப் பார்த்தா எனக்குக் காரணமே இல்ல."

அஸ்திவாரக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒரு நாத்திகர் ஒத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பூரிப்பு அடங்குவதற்குள் ஸ்டோர் கீப்பர் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அப்போ வர்றேன் சார் என்று படியிறங்கிப் போய்விட்டார். அவருக்கும் ரோஷம் இருக்காதா?

வாதத்தில் வெற்றி. நாற்காலி காலி. எனக்கு அந்த நல்ல மனிதரின் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது, அது ஏன் தவறு என்பதற்கு அந்த நேரத்தில் ஒரு அடிப்படையும் எனக்குத் தோன்றவில்லை.

வார்டுக்குப் போய் அக்காவிடம் சொல்லித்தானே ஆக வேண்டும்? போனார். ஸ்டோர் கீப்பர் தன் நிலைப்பாட்டில் உள்ள முரண்பாட்டைத் தானே உணர்ந்துவிட்டார் அக்கா என்று ஏதோ ஆரம்பித்தார். அக்கா காதில் வாங்கினாரா என்றுகூடத் தெரியவில்லை. தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், எனக்குப் பயமா இருக்குடா. நீ குடேன்."

இவர் வாயைத் திறந்தார். பாசத்தால் கொடுத்தால் அது கடமையாகுமா, கடமைக்காகக் கொடுத்தால் அது அன்பாகுமா என்று எதையோ சொல்லத்தான் திறந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நரைத்த மீசைக்குக் கீழே உதடு துடித்தது. "சரிக்கா" என்றார்.

ஊசி ஏறியபோது என் கையை அவர் பிடித்த பிடியில் விரல்கள் மரத்துப்போயின. கண்ணை இறுக மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தார். ஜெபமாக இருக்கும் என்று குனிந்து கேட்டேன். அக்கா, அக்கா என்று சொல்லிக்கொண்டிருந்தார். பை நிரம்பி, எழுந்து நின்றதும் மனிதர் தொப்பென்று விழுந்தார். அதனால் என்ன, ரத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, அக்கா இப்போது கஞ்சியில் உப்பில்லை என்று நர்ஸோடு சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டார்.

நீங்களும் இவ்வளவு நேரம் நன்றாகச் சிரித்தீர்கள். சந்தோஷம். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள், அவர் கடைசியில் கொடுத்தது அன்பினாலா, வெட்கத்தினாலா, கட்டளைக்குக் கீழ்ப்படிந்தா, இதில் எது இருந்தால் அந்தச் செயல் உண்மையிலேயே நல்ல செயல் ஆகும் என்று உங்கள் மனசின் ஓரத்தில் ஒரு கேள்வி எழுந்ததா, இல்லையா? நல்ல கேள்விதான். சாவகாசமாக உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம். அக்காவுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் படுத்திருக்கிறாள், அவளுக்கும் ஒரு பாட்டில் வேண்டுமாம். உங்களுக்கு என்ன வகை?