சேவைத் தட்டில் நூற்றெட்டு ஓட்டை போட்ட விவரம்

ஓசூர்,
12-3-1957

பெங்களூரில் பெரிய ஃபிட்டராக உத்தியோகம் பார்க்கும் மகாராஜராஜஸ்ரீ மச்சான் கிருஷ்ணப்பன் அவர்கள் சமூகத்துக்கு, ஓசூரில் சின்ன ரிப்பேர் கடை வைத்திருக்கும் தங்கை புருஷன் முனிவேல் நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கை சரோஜம்மாளும் கறவை மாடும் சுகம். அங்கு தாங்களும் அக்கா கெம்பம்மாவும், முக்கியமாக அக்காவின் முழங்காலும் சுகமாயிருக்க வேண்டுகிறோம்.

நிற்க. தங்கள் கடிதம் கிடைத்தது. “உன் டிரில் மிஷின் மாட்டு வண்டி இரும்புப் பட்டையில் ஓட்டை போடத்தான் லாயக்கு, ஊசி கனம் இருக்கிற டிரில் பிட்டை அதன் வாய் பிடிக்காது, அந்த ஜவளகிரி அம்மாளின் சேவைத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர், எங்கள் கம்பெனி கேட்டில் காவல் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். மச்சான், வரமாட்டேன். தினம் காலையில் நீங்கள் டிபன் கேரியரோடு உள்ளே போகும்போது நான் எழுந்து நின்று சலாம் வைக்க வேண்டுமா? என் உடம்பில் உயிர் இருக்கிற வரைக்கும் நடக்காது. மைசூர் எல்லையில் ஜூஜுவாடியைத் தாண்டினவனுக்குத்தான் மூளை வேலை செய்யும், இந்தப் பக்கம் இருக்கிறவனெல்லாம் மடையன் என்று நினைப்பா?

விஷயத்தை முழுசாகக் கேளுங்கள். ஜவளகிரி வெள்ளையம்மாள் பெண்ணுக்கு வருகிற திங்கட்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாருக்குக் கேழ்வரகு சேவை நூல் மாதிரி பிழிந்து போட வேண்டுமாம். கடையில் விற்கிற தட்டெல்லாம் ஓட்டை பெரிசு என்று புதுப் பித்தளைத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து, “நூத்தியெட்டு ஓட்டை, ஊசி கனத்துக்கு மேல போகக் கூடாது. சரியா வந்துச்சின்னா ஜவளகிரி பக்கம் அத்தனை வேலையும் உன் கடைக்குத்தான். வரலைன்னா உன் பேரைச் சொல்லியே ஊர் பூரா சிரிக்க வைப்பேன்” என்றாள். ஆக, கடை நிற்பதும் விழுவதும் இந்தத் தட்டில் என்று ஆகிவிட்டது. ஆகட்டுமே, எனக்கென்ன பயம்?

நீங்கள் சொன்ன ஒன்று வாஸ்தவம்தான், மறைப்பானேன். பிட்டைக் கவ்வுகிற ‘சக்’ என்ற அந்த வாயை எவ்வளவு இறுக்கினாலும் அதன் மூன்று பல்லுக்கும் நடுவில் சந்து இருக்கத்தான் செய்கிறது, பிட் அதற்குள் ‘லொட லொட’ என்று ஆடுகிறது. ஸ்விட்சைப் போட்டேனோ இல்லையோ, பிட் பறந்துபோய் எதிர்க்கடை கரியப்பன் டீ கிளாஸில் விழுந்தது. அந்தாளு அசரலையே, டீயைத் துண்டால் வடிகட்டிக் குடிச்சிட்டு பிட்டைத் திருப்பிக் குடுத்தான். சரின்னு பிட் அடியில சணல் நூலைச் சுத்தினேன். அரை நிமிஷம் நல்லா ஓடிச்சு. அப்புறம் நூல் பிரிஞ்சு, என் தோள்ல கிடந்த துண்டைப் பிடிச்சு இழுத்து, துண்டு சுத்த, துண்டோட நானும் மிஷின் பக்கமா போக, கரியப்பன் ஓடிவந்து ஸ்விட்சை நிறுத்தினான். நிறுத்தினதுக்கு அப்புறம் சிரிச்சான் பாருங்க, அதுதான் எனக்குப் பொறுக்கல. மறுநாள் அரக்கை உருக்கி வெச்சு ஒட்டினேன். பித்தளை சூட்டுல பிட் காய, அரக்கு இளகி, சக்குக்குள்ள ஒழுகி, ஆறினதும் கல்லாட்டம் பிடிச்சிக்கிச்சு. அதைச் சுரண்டி எடுக்க ஒரு பகல் முழுக்கப் போச்சு. உங்க தங்கச்சி, “அண்ணன் கூப்பிடுதே, போயிட்டு வாயேன்”னு சொன்னா. நான் அரை நாள் அவ வெச்ச சோத்தைத் தொடல.

ஆனா விட்டேனா? பழைய டைனமோச் சுருளைப் பிரிச்சு, செம்புக் கம்பியை எடுத்து, பிட் அடியில ஒண்ணை ஒண்ணு ஒட்டினாப்பல நெருக்கமா, இறுக்கிச் சுத்தினேன். செம்புக் கம்பி மெதுவானது, பல்லு நல்லாக் கவ்விப் பிடிக்குது. சக்கை இறுக்கினேன். அசைஞ்சுதா? அசையல! போட்டுப் பார்த்தேன், நேரா நின்னு சுத்துது. மச்சான், உங்க பெங்களூரு ஃபாக்டரியில எத்தனை மிஷின் வேணும்னாலும் இருக்கட்டும், இந்தச் செம்புக் கம்பி யோசனை உங்களுக்கு வந்திருக்குமா? வந்திருந்தா அந்தக் கடிதம் எழுதியிருப்பீங்களா? வண்டிப் பட்டை ஞாபகத்துல கொஞ்சம் சாய்ஞ்சு அழுத்திட்டேன், அதனால ஏழு பிட் உடைஞ்சது நிஜம். ஏழு உடைஞ்சா என்ன, எட்டாவது நின்னுச்சு. அறுபது ஓட்டை நான் போட்டேன். அதுக்குள்ள தோள்பட்டை கழண்டு போறாப்பல வலி. மிச்ச நாப்பத்தெட்டை உங்க தங்கச்சி, “குடு, நான் சும்மா வெச்சுப் பாக்கறேன்”னு வாங்கிப் போட்டா. பொம்பளை ஆசைக்குக் குடுத்தேன். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எது அவ போட்டது எது நான் போட்டதுன்னு எவனாலும் சொல்ல முடியாது.

ஆகவே மச்சான் அவர்களே, தங்கள் கம்பெனி கேட்டை வேறு ஆள் திறக்கட்டும், வேறு ஆள் மூடட்டும். முனிவேல் கடை ஓசூரில்தான் இருக்கும். இது முடிவு. இதற்கு மேல் இந்த விஷயமாகத் தாங்கள் கார்டு வாங்கிச் சிரமப்பட வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளை ராயக்கோட்டைப் பெருமாள் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு, யாருக்கும் தலைவணங்காத தங்கள் மைத்துனன்,
முனிவேல்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் வெள்ளையம்மாள் வந்துவிட்டாள். தட்டைச் சேவை நாழியில் போட்டு எங்கள் அடுப்படியிலேயே பிழிந்து பார்த்தாள். ஒரு பக்கம் நூல் நூலாக அழகாக இறங்கியது. இன்னொரு பக்கம் மண்புழு கனத்தில் வளைந்து வளைந்து வந்தது. எது யார் பக்கம் என்று அந்தம்மாள் கேட்டாள். சரோஜா என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். வெள்ளையம்மாள் கல்யாணத்துக்கு வேறு புதுத் தட்டும், சம்பந்தி வீட்டுக்கு இரண்டும், மொத்தம் மூன்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மிஷினை நான் தொடக் கூடாது என்பது நிபந்தனை. சரோஜா இப்போது அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், கம்பி சுற்றித் தரக்கூட என்னை விடவில்லை, “வெளிச்சத்தை மறைக்காம தள்ளி நில்லு” என்கிறாள். கடை நிற்கும் மச்சான், அதில் மாற்றமில்லை. அந்தக் காவல் வேலையை வெள்ளிக்கிழமை வரை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். காவல்காரன் சட்டைக்கு என் அளவு முப்பத்தி நாலு, கையைக் கொஞ்சம் நீளமாக வைத்துத் தைக்கச் சொல்லவும்.